பச்சைத் தாள், மஞ்சள் தாள்

ஐம்பத்தோராம் தெரு, மூன்றாம் மாடி.
கரண்ட் இல்லை. படிகளை எண்ணிக்கொண்டே ஏறினேன்,
ஐம்பத்தெட்டு.
மூச்சு வாங்கியது. அதையும் பிறகு கேட்டார்கள்.

பதற்றத்துக்குப் பச்சைத் தாள்,
சோர்வுக்கு மஞ்சள்.
கேள்விகள் பர்மியில்; ஓரத்தில் யாரோ
பேனாவால் தமிழ் எழுதியிருந்தார்கள்.
கரேன் நர்ஸ், நோ தா மு என்று பெயர்,
பென்சிலைச் சீவித் தந்தாள்.
"போன ரெண்டு வாரம் மட்டும், அக்கா.
இல்லை, கொஞ்சம், நிறைய, எப்போதும்.
யோசிக்காமல் போடுங்கள்."

யோசிக்காமல் நான் எதையும் போட்டதில்லை.
பாயின்னாங் சந்தையில் உளுந்துக் கணக்கு,
இருபத்தாறு வருஷம்.
அரசாங்க அட்டையில் டோ கின் வின்,
பேரேட்டில் அமுதவல்லி;
சம்பளம் ஒன்றுதான்.

பச்சையில் நாலாவது: உறக்கம் வருகிறதா?
மஞ்சளில் மூன்றாவது: உறக்கம் வருகிறதா?
பச்சையில், சீக்கிரம் களைத்துப் போகிறீர்களா.
மஞ்சளில், உடம்பில் தெம்பில்லையா.
ஒரே மூட்டையை
இரண்டு லாரியில் ஏற்றியதாக எழுதினால்
முதலாளி என்னைக் கேட்பார்.
இங்கே யாரைக் கேட்பது?

பக்கத்து நாற்காலியில் ஒரு டாக்ஸிக்காரர்
எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுக்கொண்டு போனார்.
இரண்டு முறை பென்சில் முனை ஒடிந்தது.
அவர் தொகை பூஜ்யம்.

பர்மியிலும் சித்தம்தான், நம் சொல்லேதான்.
சித்தம் சுட்டால் கவலை,
சித்தம் விழுந்தால் சோர்வு.
சுட்டதால் விழுந்ததா,
விழுந்த இடத்தில் கிடந்து சுடுகிறதா,
அதற்குக் கட்டம் இல்லை.
தமிழ் இன்னும் மோசம்:
"மனசு சரியில்லை" என்று ஒரு வார்த்தையில்
இரண்டு தாளையும் மடித்து வைத்துவிடுவோம்.

பசி குறைந்திருக்கிறதா?
தீமிதிக்குக் காப்புக் கட்டியிருக்கிறேன், ஒரு வேளைச் சோறு.
ஏன் என்று தாள் கேட்கவில்லை. "நிறைய."
கை சும்மா இருக்க மறுக்கிறதா?
உளுந்தில் கல் பொறுக்கிய கை,
பஸ்ஸில் உட்கார்ந்தாலும் பொறுக்கும். "எப்போதும்."

வரப்போவதற்கு அஞ்சினால் பச்சை.
போனதற்கு அழுதால் மஞ்சள்.
மகன் எல்லை தாண்டிப் பதினோரு மாதம்.
போனவன் அவன்.
வர வேண்டியவனும் அவன்.

பச்சை பதினான்கு, மஞ்சள் பதின்மூன்று.
கீழிருந்து மேலாக இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தேன், சரி.
"ரெண்டிலும் நடுத்தரம்" என்றாள்.
உறக்கத்தை இரண்டு தடவை பிடித்திருக்கிறீர்கள் என்றேன்.
சிரித்தாள். "தெரியும் அக்கா.
அநேகமாக எல்லோருக்கும்
பச்சை ஏறினால் மஞ்சளும் ஏறும்."
பிறகு எதற்கு இரண்டு சல்லடை,
கண் அளவு ஒன்றாக இருக்கும்போது?
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"சில பேர் ஒன்றில் மட்டும் நிற்பார்கள்.
அவர்களைக் கீழே விட்டுவிடக் கூடாதில்லையா."
பிறகு, "மேலே அனுப்ப எண் வேண்டும்.
அதுவும்தான்."

மஞ்சள் தாளைத் திருப்பி வைத்தாள்.
பின்பக்கம் காலி.
கேட்காமல் விட்டது ஏதாவது இருந்தால்
எந்த பாஷையிலும் எழுதலாமாம்.

கணக்கெழுத்தில் எழுதினேன்.
ஞாயிறு, இரவு ஒன்பது பத்து. ஃபோன். தெரியாத எண்.
ஒரு பெண், பர்மியில்,
மூங்கில் ஏணி வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.
இது கடை இல்லை, வீடு என்றேன்.
மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டாள்.
பன்னிரண்டு வரை ஃபோன் கையிலேயே இருந்தது.

தொகை எழுதும் இடத்தில் கோடு போட்டேன்.
கோட்டின் கீழே ஒன்றும் எழுதவில்லை.